பதினெட்டாம் நாள் வராத பாரதம்!

முடிவு தெரிந்த சண்டையை ரசிக்கத் திருவண்ணாமலைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தொலைக்காட்சி ரெஸ்லிங்கைக் கூத்துக் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும்?

இராத்திரி முழுக்கக் கூத்து நடந்து முடிந்திருக்கும். விடிந்தும் கூட்டம் கலையாது. திருவண்ணாமலையைச் சுற்றி, திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கும் ஊர்களில் கோடைக்கு ஒரு காலை இப்படித்தான் பிறக்கும். மைதானத்தில் மண்ணைக் குழைத்துச் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். முறுக்கிய மீசை, உருட்டி விழிக்கும் கண், ஊரே ஏறி நிற்கலாம் போன்ற மார்பு. துரியோதன வேஷக்காரர் அந்த மண் உடம்பின்மேல் நின்று சவால் விடுவார். வீமன் வேஷக்காரர் கதாயுதத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுவார். கடைசியில் தொடையில் விழும் ஒரே அடி. செந்நீர் தெறிக்கும். "கோவிந்தா!" என்று கூட்டம் எழுப்பும் சத்தத்தில் மத்தளம் அமுங்கிப்போகும். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். இதுதான் படுகளம். சாயங்காலம் தீமிதி.

மரக்கிளையில் தொற்றிக்கொண்டு பார்க்கும் பையன்களுக்கு யார் ஜெயிப்பார் என்று தெரியும். எந்த வருஷமும் துரியோதனன் ஜெயித்ததில்லை. அதற்காக யாரும் தூங்கப் போனதும் இல்லை.

அதே பையன்களின் கைப்பேசியில் இன்னொரு சண்டை ஓடுகிறது. 'மண்டே நைட் ரா'. டபிள்யூ.டபிள்யூ.இ நிறுவனத்தின் வாராந்தர ரெஸ்லிங் நிகழ்ச்சி. அங்கும் யார் ஜெயிப்பது என்று முன்பே எழுதிவைத்துவிட்டுத்தான் மணி அடிக்கிறார்கள். "எல்லாம் டூப்புடா" என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். படுகளத்துக்குக் குடும்பத்தோடு போகிற ஊரில் அந்தத் தீர்ப்பு செல்லுமா?

கேபிள் கொண்டுவந்த மல்லர்கள்

தமிழ்நாட்டுக்கு மல்யுத்த மோகம் புதிதல்ல. உடம்பைக் காட்டி மிரட்டுகிறவனைப் பார்த்து "பெரிய தாராசிங்குன்னு நெனப்பா?" என்று கேட்டுப் பழகிய நாக்கு நம்முடையது. மல்லர்களான தாராசிங்கும் கிங்காங்கும் இந்தியா, சிங்கப்பூர், மலாயா என்று ஊர் ஊராக மோதியபோது டிக்கெட் எடுத்து அரங்கத்துக்குப் போனவர்கள்தான் பார்த்தார்கள். தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. சண்டை கூடத்துக்கே வந்தது. 2002-ல் டென் ஸ்போர்ட்ஸ் தொடங்கியதும் அது வாரா வாரம் தவறாத பழக்கமானது. அப்படி வாரா வாரம் காத்திருந்து பார்த்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும்.

அந்தத் தலைமுறைக்கு ரெஸ்லிங் என்றால் டிரம்ப் கார்டும் சேர்த்துத்தான். உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று எண்களை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளைகள், வாய்ப்பாடு கேட்டால் விழித்தார்கள். அண்டர்டேக்கர் என்ற மல்லருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்தார்கள். 2021-ல் சோனி நிறுவனம் தமிழ், தெலுங்கு ரசிகர்களுக்காக டென் 4 சேனலைத் தொடங்கியபின் ரெஸ்லிங் வர்ணனை தமிழிலும் கேட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் இந்திய உரிமை நெட்ஃப்ளிக்ஸ் கைக்குப் போனது. இந்த மாற்றம் செய்த வேலையைப் பின்னால் பார்ப்போம்.

பெட்டிச் செய்தி: 'ரா' ஒரு பார்வையில்
● முதல் ஒளிபரப்பு: 1993 ஜனவரி 11, நியூயார்க்.
● 2012 ஜூலையில் இரண்டு மணி நேர நிகழ்ச்சி மூன்று மணி நேரமானது.
● டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற பழைய பெயர் 2002-ல் டபிள்யூ.டபிள்யூ.இ ஆனது.
● நெட்ஃப்ளிக்ஸில் முதல் நிகழ்ச்சி: 2025 ஜனவரி 6, லாஸ் ஏஞ்சலிஸ் அருகே.
● நெட்ஃப்ளிக்ஸ் ஒப்பந்தம்: 10 ஆண்டு, 500 கோடி டாலருக்கு மேல்.
● 1989-ல் நியூஜெர்ஸி மாநில செனட்டில், தாங்கள் நடத்துவது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

திரைக்குப் பின்னால் நிற்பவர் யார்?

கூத்தில் பெரிய வேஷம் சட்டென்று மேடைக்கு வந்துவிடாது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் சலங்கை ஒலிக்கும், கிரீடத்தின் நுனி தெரியும், பாட்டு வரும். வந்திருப்பது யார் என்று கட்டியங்காரன் கேட்டு வாங்குவான். திரை விலகும்போது முதல் வரிசைக் குழந்தை அம்மா மடிக்குள் ஒளிந்துகொள்ளும். செய்யாறு வட்டத்துப் புரிசை போன்ற ஊர்களில் பரம்பரை பரம்பரையாகக் கட்டிக்காத்த வித்தை இது.

'ரா'வின் பலமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. விளக்குகள் அணைகின்றன, ஒரு மணியோசை, அரங்கம் எழுந்து நிற்கிறது. அண்டர்டேக்கர் நடந்து வந்து ரிங்கில் ஏற எடுத்துக்கொண்ட நேரத்தில் சில சண்டைகளே முடிந்துவிடும். ஆனால் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. மைக்கைப் பிடித்துச் சவால் விடும் பகுதியும் அப்படித்தான். நல்ல மல்லருக்குத் தோளைவிட நாக்கு வலுவாக இருக்க வேண்டும். கட்டியங்காரன் வேலையை வர்ணனையாளர்கள் பார்க்கிறார்கள். எந்த அடிக்குப் பதற வேண்டும், எந்த அடிக்குச் சிரிக்க வேண்டும் என்று அவர்கள் குரல்தான் சொல்லித் தருகிறது.

கூட்டத்தையும் சொல்ல வேண்டும். நெட்ஃப்ளிக்ஸ் முதல் நிகழ்ச்சியில் பழைய மல்லர் ஹல்க் ஹோகன் அமெரிக்கத் தேசியக்கொடியோடு வந்து நின்றார். ஒரு காலத்தில் அமெரிக்கக் குழந்தைகளின் தெய்வம் அவர். ஆனால் அவர் முன்பு பேசிய இனவெறிப் பேச்சு வெளியே வந்திருந்தது. அரங்கம் அவரை 'பூ' என்று ஊளையிட்டு அனுப்பியது. யாரும் எழுதிக் கொடுக்காத வசனம் அது. கூட்டமும் ஒரு பாத்திரமாகிவிடுகிற இந்த உயிர்ப்பு, வேறெந்தத் தொடரிலும் கிடைக்காது.

பெண்கள் சண்டையில் வந்த மாற்றத்துக்குத் தனியாகக் கைதட்டலாம். 2015 பிப்ரவரியில் 'ரா'வில் பெண்கள் நால்வர் மோதிய ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்தது. ரசிகர்களே கொதித்துப்போய் எங்கள் வீராங்கனைகளுக்கு நேரம் கொடுங்கள் என்று சமூக ஊடகத்தில் போர்க்கொடி தூக்கினார்கள். பத்து வருஷம் கழித்து 2025 மார்ச்சில் அதே 'ரா'வில் ரியா ரிப்ளியிடமிருந்து ஜப்பானின் இயோ ஸ்கை பட்டத்தைப் பறித்தபோது, பெண்கள்தான் நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்துகிறார்கள் என்பது தெரிந்தது. பாஞ்சாலி வேஷத்தையும் ஆண்களே கட்டும் மரபில் வளர்ந்த நாம் கவனிக்க வேண்டிய சேதி இது.

விழுவதுதான் வித்தை

'டூப்பு' என்பவர்கள் ஒரு விஷயத்தில் சரி: முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது. மற்றதெல்லாம் உடம்பால் சம்பாதிப்பது. ரிங் என்பது இருபதடிச் சதுரம். இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, பலகைமேல் மெல்லிய மெத்தை, அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. பஞ்சு மெத்தை இல்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி, கைகளால் தரையை அறைந்துகொண்டு விழ வேண்டும். மண்டை மட்டும் படக்கூடாது. இதற்கே மாதக்கணக்கில் பயிற்சி. தூக்குகிறவர் ஒருவர் பலத்தில் தூக்குவதில்லை. தூக்கப்படுகிறவரும் கூடவே எம்புகிறார். அடுத்த பிடி என்ன என்பது காதோடு காதாகப் போகிறது. எத்தனை நிமிடம் பாக்கி என்பது நடுவர் காதிலிருக்கும் கருவி வழியாக வருகிறது. எதிரியின் கழுத்து தன் கையில் இருக்கிறது என்ற பொறுப்போடு எதிரியை அடிப்பதுபோல் நடிப்பதுதான் தொழில்.

கூத்துக்கலைஞர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை சுமந்துகொண்டு விடிய விடியக் கிறுக்கி போட்டுச் சுழல்கிறவர்கள் அவர்கள். ஆனால் ஒரு வித்தியாசம். பாஞ்சாலியைத் துகிலுரியும் கட்டம் வரும்போது ஆட்டம் நிற்கும். துச்சாதன வேஷக்காரர் கற்பூரம் ஏற்றி, இது வேஷம்தான் தாயே, பொறுத்துக்கொள் என்று சபையறிய வேண்டிக்கொண்ட பிறகுதான் சேலையில் கை வைப்பார். பொய் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் அடுத்த நிமிடம் சபை கண்ணீர் விடும். அமெரிக்க ரெஸ்லிங் இதற்கு நேரெதிர். வேஷம் என்பதைப் பல பத்தாண்டுகள் தொழில் ரகசியமாகப் பொத்தி வைத்தது. 1989-ல் உண்மையைச் சொன்னதும் அரசின் விளையாட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பத்தான். உண்மை தெரிந்தும் அரங்கங்கள் நிறைந்தே இருந்தன. 2025-ல் அதே நிறுவனம் எழுத்தாளர்கள் கதை பின்னும் அறையையே 'அன்ரியல்' என்ற தொடராக நெட்ஃப்ளிக்ஸில் காட்டிக் காசாக்கியது.

முடிக்கத் தெரியாத கதை

'ரா'வின் பெரிய நோய், அதற்குப் பதினெட்டாம் நாள் இல்லை என்பதுதான். பாரதம் எவ்வளவு நீண்டாலும் படுகளத்தில் முடியும். பகை தீரும், கூந்தல் முடியும், ஊர் வேலைக்குப் போகும். 'ரா' முப்பது வருஷத்துக்கும் மேலாக, ஓய்வுப் பருவம் என்று ஒன்று இல்லாமல், வாரா வாரம் ஓடுகிறது. இன்று தீர்ந்த பகை அடுத்த மாதம் மறுபடி தளிர்க்க வேண்டும். அதனால்தான் நல்ல சண்டையின் நடுவே யாராவது ஓடிவந்து முடிவைக் கெடுக்கிறார். நேற்றைய நண்பன் இன்றைய துரோகி, நாளை மறுபடி நண்பன். நீண்ட நேரத்தை நிரப்ப, உடைமாற்றும் அறைப் பேச்சும் பழைய காட்சியும் விளம்பரமும். ரிங்கின் தரையிலேயே விளம்பரச் சின்னம் வந்துவிட்டது.

நட்சத்திர மல்லர் ஜான் சீனாவின் கடைசி வருஷம் இந்த நோய்க்கு நல்ல உதாரணம். இருபது வருஷம் நல்லவனாகவே நின்றவர் 2025 மார்ச் 1-ல் டொரன்டோவில் வில்லனானார். ரசிக உலகம் திகைத்தது. ஏப்ரலில் கோடி ரோட்ஸை வீழ்த்திப் 17-வது முறையாக உலகப் பட்டம் வாங்கினார். ஏன் மாறினார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை. அவரை மாற்றியதாகக் காட்டப்பட்ட மல்லர் 'தி ராக்' அதற்குப்பின் கதையிலேயே தலைகாட்டவில்லை. ஆகஸ்ட்டில் சீனா மறுபடி நல்லவர். டிசம்பர் 13-ல் வாஷிங்டனில் நடந்த கடைசி ஆட்டத்தில், 'ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே' என்ற வாசகத்தையே சட்டையில் போட்டு விற்றவர், குந்தரின் பிடியில் சிக்கித் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். துரோகத்துக்குக் காரணம் சொல்லாத கதையில் தோல்விக்கும் கனம் இருக்காது. துரியோதனனுக்குக்கூடக் கூத்து ஒரு நியாயம் கொடுத்து, அவன் சாவில் நம்மை ஒரு கணம் கலங்க வைக்கும். எழுத்தாளர் பட்டாளமே வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது கைவரவில்லை.

பெட்டிச் செய்தி: திரை வீமனும் நிஜ மல்லரும்
● 'ராமாயண்' தொடரின் அனுமன், மல்யுத்த வீரர் தாராசிங்.
● பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரத்' வீமன், ஆசிய விளையாட்டில் வட்டெறிதல் தங்கம் வென்ற பிரவீன் குமார்.
● 2013-ல் தொடங்கி, விஜய் டி.வி.யில் தமிழிலும் வந்த 'மகாபாரதம்' தொடரின் வீமன் சௌரவ் குர்ஜார். பின்னாளில் 'சங்கா' என்ற பெயரில் டபிள்யூ.டபிள்யூ.இ ரிங்கில் ஏறினார்.
● இமாசலப் பிரதேசத்தின் 'தி கிரேட் காளி' 2007 ஜூலையில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றார்.
● ஹரியானாவின் கவிதா தேவி 2017-ல் சல்வார் கமீஸ் உடையில் மோதினார். டபிள்யூ.டபிள்யூ.இ ரிங்கில் ஏறிய முதல் இந்தியப் பெண் இவர்.
● முன்னாள் டபிள்யூ.டபிள்யூ.இ மல்லர் நேதன் ஜோன்ஸ், 'பூலோகம்' (2015) படத்தில் ஜெயம் ரவியோடு மோதினார். சண்டையை வைத்துத் தொலைக்காட்சி எப்படிப் பணம் பார்க்கிறது என்பதுதான் அந்தப் படத்தின் கதை.

முடிவு வேஷம், முறிவு நிஜம்

1999 மே மாதம், கான்சஸ் சிட்டி அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டிய மல்லர் ஓவன் ஹார்ட், கொக்கி கழன்று விழுந்து இறந்தார். நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில், தூக்கிப் போடும் பிடி ஒன்று தவறியதில் டேரன் ட்ரோஸ்டோவின் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. 2023-ல் சாகும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை. 2022 மார்ச்சில் அதே நிறுவனத்தின் 'ஸ்மாக்டவுன்' நிகழ்ச்சியில் முன்னாள் சாம்பியன் பிக் ஈயின் கழுத்தெலும்பு முறிந்தது. எதிராளி வேண்டுமென்று செய்ததல்ல. ஒரு நொடிக் கணக்குத் தவறியது, அவ்வளவுதான்.

2007-ல் மல்லர் கிறிஸ் பென்வா மனைவியையும் மகனையும் கொன்று தானும் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மூளையைப் பரிசோதித்த மருத்துவர்கள் தலையில் திரும்பத் திரும்ப விழுந்த அடிகளின் கடுமையான பாதிப்பைக் கண்டார்கள். அதற்குப்பின் இரும்பு நாற்காலியால் தலையில் அடிப்பது தடைசெய்யப்பட்டது. தலை அதிர்ச்சிக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயமானது. ஆனாலும் இந்த மல்லர்கள் இன்றும் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். அவர்களுக்குத் தொழிற்சங்கமும் இல்லை. 500 கோடி டாலர் ஒப்பந்தம் போடும் தொழிலில், முதுகைக் கொடுப்பவர் நிலை இதுதான்.

கதை போச்சு, அடி மிஞ்சுச்சு

நெட்ஃப்ளிக்ஸ் மாற்றம் இங்கேதான் வேலை செய்கிறது. கேபிள் இணைப்பில் மற்ற சேனல்களோடு வந்தவரை, தேரடித் தெருவானாலும் கிரிவலப் பாதையோரத்து ஒற்றை அறை வீடானாலும் நிகழ்ச்சி முழுசாக வந்தது. அப்பாவோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே பார்த்தார்கள். 'இவர்கள் பயிற்சி பெற்றவர்கள், வீட்டில் முயலாதீர்கள்' என்ற எச்சரிக்கையும் இடையிடையே வந்தது. இப்போது முழு நிகழ்ச்சிக்குத் தனிச் சந்தா கட்ட வேண்டும். கட்டாத வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது கைப்பேசியில் அரை நிமிடத் துண்டு.

அந்தத் துண்டில் எது மிஞ்சுகிறது? எட்டு வாரம் கட்டிய பகை இல்லை. மைக் பேச்சு இல்லை. விழுந்தவர் எழுந்து நடந்துபோவது இல்லை. எச்சரிக்கை இல்லை. ஏணி மேலிருந்து குதிப்பதும் மேசை உடைவதும் மட்டும், பின்னணி இசையோடு, திரும்பத் திரும்ப. எந்தக் கதையில் யார் எதற்காக அடித்தார் என்று தெரியாத குழந்தைக்கு அது நாடகம் என்று எப்படித் தெரியும்? வீமன் அடியைப் பார்க்கும் பையனுக்கு அதற்கு முன் பல நாள் பாரதப் பிரசங்கமும் பல இரவுக் கூத்தும் பின்னணியாக இருக்கின்றன. அதனால் அவன் வீட்டுக்குப் போய்த் தம்பியின் தொடையை உடைப்பதில்லை.

பள்ளி இடைவேளையில், தெருமுனை மணல்மேட்டில், வீட்டுக் கட்டிலில் பிள்ளைகள் இதை விளையாடுகிறார்கள். தூக்குபவனுக்குத் தூக்கத் தெரியாது. விழுபவனுக்கு விழத் தெரியாது. கட்டில் மெத்தை தலையைக் காக்கும் என்ற நம்பிக்கை வேறு. தலைகீழாக விழும்போது உடம்பின் எடை மொத்தமும் கழுத்தில் இறங்குகிறது. மெத்தையின் மென்மை அந்த எடையைக் குறைக்காது. அமெரிக்காவில் 1999-ல் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் அடிபட்டு இறந்த வழக்கில், ரெஸ்லிங்கைப் பார்த்துச் செய்தான் என்று அவன் தரப்பு வாதாடியது. ஜூரிகள் அதை ஏற்கவில்லை. தொலைக்காட்சியைக் குற்றம் சாட்டுவதால் மட்டும் பிள்ளைகள் பிழைப்பதில்லை.

பெட்டிச் செய்தி: பெற்றோரும் ஆசிரியரும்
● பார்க்காதே என்று பிடுங்குவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விழுந்தவர் எப்படி விழுகிறார் என்று காட்டிக் கொடுங்கள்.
● கழுத்தைப் பிடிப்பது, தலைகீழாகத் தூக்குவது, உயரத்திலிருந்து மேலே குதிப்பது: இந்த மூன்றுக்கும் விளையாட்டில்கூட அனுமதி இல்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள்.
● விழுந்த பிள்ளைக்குக் கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல், வாந்தி, மயக்கம் இருந்தால் தூக்கி நிறுத்தாதீர்கள், தலையைத் திருப்பாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.
● சண்டை ஆசை தீராத பிள்ளையைச் சிலம்பம், ஜூடோ, மல்யுத்தப் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஜூடோவில் முதல் பாடமே விழக் கற்பதுதான்.

தீர்ப்பு

மதிப்பெண் போட்டுவிடலாம். பிரவேசத்துக்கும் பேச்சுக்கும் முதல் தரம். சண்டை வித்தைக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அதைவிட ஒரு படி மேலே. கதைக்குச் சுமார். நேரத்தை நீட்டுவதற்கும் தரையில்கூட விளம்பரம் ஒட்டுவதற்கும் மதிப்பெண் கிடையாது. உழைப்பவர்களை நடத்தும் விதத்துக்குத் தோல்வி.

'டூப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் இதை ஒதுக்காதீர்கள். அப்படி ஒதுக்கினால், எல்லாமே நடிப்புத்தான், அடி வலிக்காது என்றுதான் பிள்ளை புரிந்துகொள்வான். முடிவு மட்டும்தான் வேஷம், எலும்பு நிஜம் என்று அவனுக்குச் சொல்லுங்கள். இந்த வருஷம் உங்கள் ஊரில் பாரதம் வைத்தால் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி இரவு முழுக்க உட்கார வையுங்கள். ஒரு நல்ல சண்டைக்குக் கதையும் வேண்டும், முடிவும் வேண்டும் என்பதை அவனே கண்டுபிடிப்பான்.